காரிமங்கலம் சந்தைக்குப் போன ஓடிபி

வத்தல்மலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் குளிருக்காகவும் கொண்டை ஊசி வளைவுகளுக்காகவும் போவார்கள். நான் ஓடிபிக்காகப் போனேன். எப்படியும் சிரிக்கப் போகிறீர்கள், முதலிலேயே சிரித்துவிடுங்கள்.

சென்னையில் சட்டம் படிக்கிறேன், நான்காம் ஆண்டு. இணையம், தொழில்நுட்பக் கொள்கை பற்றி ஆராயும் மாணவர்களுக்கு ஆறு மாத ஆய்வு நல்கை ஒன்று தருகிறார்கள். இந்த வருடம் அது எனக்குக் கிடைத்தது. வீட்டில் இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு தனிக்கதை. "அப்போ லேப்டாப் ரிப்பேர் ஆனா நீ பாத்துருவேன்னு சொல்லு" என்று பெரியம்மா முடித்துவைத்தார். நான் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. வங்கி, கல்லூரி, சமையல் எரிவாயு என எல்லா இடத்திலும் ஒரு கைப்பேசி எண் என்றால் ஒரு ஆள் என்று வைத்துக்கொண்டுதான் வேலை நடக்கிறது. ஓர் ஊரே ஒரே எண்ணை வைத்திருந்தால் என்ன ஆகும்?

அப்படி ஓர் ஊர் இருப்பதாக விடுதியில் என் அறைத்தோழி சொன்னாள். அவள் தருமபுரிக்காரி. வத்தல்மலையில் ஒரு சிற்றூர். முப்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு ஒரே எண். ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டேன்.

ஊர்ப் பெயரை மட்டும் கேட்காதீர்கள். ஆய்வில் பேசியவர்களின் ஊரையும் பெயரையும் வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பயணக் கட்டுரையில் ஊர்ப் பெயர் இல்லையென்றால் சாம்பாரில் பருப்பு இல்லாத மாதிரிதான், என்ன செய்வது. கீழே வரும் ஆட்களின் பெயர்களும் நான் வைத்தவை.

சென்னையிலிருந்து தருமபுரிக்கு நேரடிப் பேருந்து உண்டு. எனக்குப் பேருந்தில் தலை சுற்றும் என்பதால் காலை ஆறு மணி வாக்கில் கிளம்பும் ரயிலில் மொரப்பூருக்கு டிக்கெட் எடுத்தேன். பத்து மணிக்குள் இறங்கிவிடலாம். ஸ்டேஷன் வாசலிலிருந்து கொஞ்சம் நடந்தால் தருமபுரிப் பேருந்து. முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தொள்ளாயிரம் ரூபாய்க்கு அறை கிடைத்தது. வெந்நீர் வந்தது, மின்விசிறி சத்தம் போட்டது. பெண்கள் தனியாகத் தங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தங்கலாம், வரவேற்பில் இருந்தவர் ஆதார் அட்டையைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை மலைக்குப் போகும் அரசுப் பேருந்தில் ஏறினேன். ஒரு நாளைக்குச் சில நடைதான், தவறவிட்டால் மதியம் வரை காத்திருக்க வேண்டும். இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், ஒன்றேகால் மணி நேரம். என் முதுகுப்பையைப் பார்த்துவிட்டு நடத்துநர் அக்கறையாகக் கேட்டார்.

"மேல ரிசார்ட்டு கிசார்ட்டு எதுவும் கெடையாதுங்க. தெரிஞ்சுதான் போறீங்களா?"

"ஒரு ஆராய்ச்சிக்காகப் போறேங்கண்ணா."

"காப்பியா, மொளகுங்களா?"

"போன் நம்பருங்கண்ணா."

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அவர் முன்பக்கம் போய்விட்டார்.

வளைவுகள் தொடங்கியதும் காற்று மாறிவிட்டது. தலை சுற்றும் என்று பயந்திருந்தேன், ஆனால் ஜன்னலோரம் கிடைத்ததால் தப்பித்தேன். கீழே தருமபுரிச் சமவெளி வெயிலில் வெளுத்துக் கிடந்தது. மேலே சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது, நடுவில் ராகி, சாமைக் கொல்லைகள். ஜூலையிலும் எனக்குச் சால்வை தேவைப்பட்டது.

அந்த ஊரின் நடுநாயகம் பால் ஊற்றும் இடம். சிமெண்ட் ஷீட் கூரை, ஒரு மேசை, ஒரு தராசு, நாலைந்து பெரிய கேன்கள். ஊரில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அதன் வாசல். அதுவும் ஒரே ஒரு நிறுவனத்தின் சிக்னல்தான். அங்கே பாலை அளந்து வாங்குபவர் பழனியம்மா அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும், பத்தாம் வகுப்பு வரை படித்தவர், பேச்சில் ஒரு சொல் குறைத்துச் சொல்வாரே தவிர அதிகம் சொல்ல மாட்டார். முன்பு ஊரில் வங்கிக் கணக்கு தொடங்கும் முகாம் நடந்தபோது, மணியடித்தால் எடுக்கக்கூடிய போன் அவரிடம் மட்டும்தான் இருந்திருக்கிறது. எல்லோரும் அந்த எண்ணையே கொடுத்துவிட்டார்கள். பிறகு சமையல் கேஸுக்கும் அதே எண், ஸ்காலர்ஷிப்புக்கும் அதே எண். அந்தப் பட்டன் போன்தான் நான் இத்தனை தூரம் பார்க்க வந்தது.

இது எப்படி நடக்கிறது என்பதைத் திங்கள் மாலை கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் யாராவது ஒருவர் காலையும் மாலையும் பால் கொண்டுவந்தே ஆக வேண்டும். பாலை அளந்து முடித்ததும் அக்கா போனை எடுத்து அந்த வீட்டுக்கு வந்த செய்தியைச் சொல்லிவிடுவார். "சின்னசாமி, கேஸு புக் ஆயிருச்சு. நாளான்னிக்கு வண்டி வரும்." "உங்க மாமியாருக்கு பேங்குல பணம் ஏறிருக்குது." வெளியூருக்குப் போனாலும் போன் அவர் இடுப்பிலேயே இருக்கும். யாராவது ஊரிலுள்ள வேறு போனை இரவல் வாங்கி, பால் நிலைய வாசலில் நின்று கூப்பிட்டுக் கேட்டால், வந்த எண்ணைப் படித்துச் சொல்வார். இத்தனை வருடமாக இப்படித்தான்.

பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கு எல்லாம் கேட்கிறது. நான் மடிக்கணினியைத் திறந்து "தனியுரிமை மீறல்" என்று தட்டி, அதைத் தடித்த எழுத்தாக்கி, அடிக்கோடும் போட்டேன். நல்ல ஆய்வுப் பொருள் கிடைத்த சந்தோஷம் எனக்கு.

எங்கள் வழிகாட்டி மேடத்துக்கு ஒரு கொள்கை உண்டு. ஊரிலிருந்து தகவலை எடுத்துக்கொண்டு மட்டும் வரக் கூடாது, பயன்படும்படி எதையாவது கொடுத்துவிட்டும் வர வேண்டும். ஆகவே மாலைப் பால் முடிந்ததும் அங்கேயே இருபது நிமிடம் பாடம் எடுத்தேன். ஓடிபியை யாருக்கும் போனில் சொல்லாதீர்கள். வங்கி என்பார்கள், போலீஸ் என்பார்கள், என் பெயரைச் சொல்லிக்கூடக் கேட்பார்கள், நம்பாதீர்கள். அவசரப்படுத்தினால் அது திருட்டுதான், போனை வைத்துவிடுங்கள். மறுபடி கூப்பிட்டால் எடுக்காதீர்கள்.

பழனியம்மா அக்கா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"தெரிஞ்ச கொரலா இருந்தாலுமா?"

"தெரிஞ்ச குரல்னாதான்கா நாம ஏமாறுவோம். இப்பல்லாம் கம்ப்யூட்டரே யார் குரல்ல வேணும்னாலும் பேசுது."

அக்கா மெதுவாகத் தலையாட்டினார். கூட்டம் நன்றாக அமைந்ததாகவே எனக்குப் பட்டது. ஒரு பெரியவர் கைகூடத் தட்டினார்.

அன்றிரவு சத்யாவின் வீட்டில் தங்கினேன். சத்யாவுக்குப் பதினெட்டு வயது. கூட்டத்துக்கு நாற்காலி எடுத்துப் போட்டவள். "பஸ்ஸு போயிருச்சு, வூட்டுக்கு வந்துருங்கக்கா" என்று அவளே கூப்பிட்டாள். அவள் அம்மா ராகிக் களி கிண்டி, கொள்ளுக் குழம்பு ஊற்றினார். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். நான் மென்றேன், இருவரும் சிரித்தார்கள்.

சாப்பிடும்போதுதான் விஷயம் தெரிந்தது. சத்யாவுக்குத் தருமபுரியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியலுக்கு இடம் கிடைத்துவிட்டது. மலையிலிருந்து தினமும் போய் வர முடியாது. கடைசி வகுப்பு முடிவதற்குள் மேலே வரும் பேருந்து போய்விடும். ஓர் அறக்கட்டளை நடத்தும் மாணவியர் விடுதிக்கு விண்ணப்பித்திருந்தாள். மறுநாள், செவ்வாய் காலை பத்து மணிக்கு முடிவு வரும். இடம் வந்தால் மாலை நான்கு மணிக்குள் இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

"ஆஸ்டல் கெடச்சா காலேஜி. கெடைக்கலேன்னா திருப்பூரு" என்றார் அம்மா, குழம்பை ஊற்றிக்கொண்டே. "இவ சித்தி அங்க பனியன் கம்பெனில இருக்குது. அவங்கப்பா அப்பிடித்தான் சொல்லிட்டாரு."

அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார். வீட்டுக்கென்று இருக்கும் ஒரே போன் அவரிடம். சத்யா களித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் போனில் நாளைக்குப் பார்த்துவிடலாம், ஐந்து நிமிட வேலை என்றேன். விண்ணப்பத்தில் என்ன எண் கொடுத்திருக்கிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்க வேண்டியதும் இல்லை. அந்த ஊரில் வேறு என்ன எண் இருக்கிறது?

செவ்வாய்க்கிழமை காரிமங்கலத்தில் சந்தை. பழனியம்மா அக்கா காலைப் பாலை முடித்துவிட்டு, கீழே போகும் சின்ன யானை சரக்கு வண்டியில் சந்தைக்குக் கிளம்பிவிட்டார். அவருடைய மகளைக் காரிமங்கலத்தில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறது. சத்யா இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. போன் பண்ணினால் சொல்லிவிடுவார் என்றாள்.

பத்தேகால் மணிக்குப் பால் நிலைய வாசலில் நின்று தளத்தைத் திறந்தோம். விடுதியில் இடம் கிடைத்திருந்தது. சத்யா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. உறுதி செய்யும் பொத்தானை அழுத்தினோம். ஓடிபி அனுப்பியாயிற்று என்று வந்தது. என் போனிலிருந்தே அக்காவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டோம். சந்தை இரைச்சலுக்கு நடுவே எடுத்தார்.

"அக்கா, நான் சத்யா பேசறேன். ஒரு நம்பரு வந்துச்சா?"

"வந்துச்சு."

"சொல்லுங்கக்கா."

"சொல்ல மாட்டேன்."

சத்யா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

"அக்கா, ஆஸ்டலுக்குக்கா. சீக்கிரம் சொல்லுங்க."

"அவசரப்படுத்தறே பாத்தியா. நீ சத்யான்னு எனக்கெப்பிடித் தெரியும்? இது யாரு நம்பரு, எனக்குத் தெரியாத நம்பரு."

நான் போனை வாங்கினேன். "அக்கா, நான்தான் பேசறேன், மெட்ராஸ்லருந்து வந்தேனே. இது என் நம்பர்."

"அந்தப் பாப்பா பேரச் சொல்லியும் கேப்பாங்கன்னு அந்தப் பாப்பாவே சொல்லிருச்சு" என்றார் அக்கா. போனை வைத்துவிட்டார்.

மறுபடி கூப்பிட்டோம். எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று பாடம் எடுத்த வாய் என்னுடையதுதான். அக்காவுக்குத் தெரிந்த எண் வைத்திருந்த ஒன்றிரண்டு பேரும் சந்தைக்குப் போய்விட்டார்கள். பதற்றத்தில் "மீண்டும் அனுப்பு" என்பதை இரண்டு முறை அழுத்தினேன். ஒருவேளை செய்தியைப் பார்த்து மனம் மாறுவார் என்று ஒரு நப்பாசை. பிறகுதான் உறைத்தது, கேட்காமலே மூன்று ஓடிபி வந்தால் அவர் என்ன நினைப்பார் என்று. விடுதி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பண்பாகத்தான் பேசினார். எண்ணை மாற்றலாமா என்றேன். மாற்றலாம், அதற்குப் பழைய எண்ணுக்கு ஓடிபி வரும் என்றார். அங்கேயே நேரில் வந்து உறுதி செய்யலாமா என்றேன். இணையத்தில் மட்டும்தானாம்.

சத்யா ஒரு வார்த்தைகூட என்னைக் குறை சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். "நேர்ல போயிரலாங்க்கா. நேர்ல பாத்தா குடுத்துருவாங்க."

அந்த நேரத்தில் பேருந்து கிடையாது. பஞ்சரான டயரை ஒட்டத் தருமபுரிக்குப் போகும் ஜீப் ஒன்று பதினொன்றரைக்குக் கிளம்பியது. ஆளுக்கு நூறு ரூபாய். ஓட்டுநர் சேகர் அண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டு வண்டியை மெதுவாக்கியே விட்டார், சிரிப்பதற்காக.

"சந்தைக்கு மாட்டத் தேடிப் போவாங்க, தொலஞ்ச ஆட்டத் தேடிப் போவாங்க. நம்பரத் தேடிப் போறத இன்னிக்குத்தாங்க பாக்கறேன்."

"கொஞ்சம் வேகமாப் போங்கண்ணா."

"போலாங்க. வளைவுல வேகம் போனா நேரா காரிமங்கலத்துல போய் விழுவோம்."

நான் சிரிக்கவில்லை. ஏறும்போது ரசித்த வளைவுகள் இறங்கும்போது ஒவ்வொன்றும் எதிரியாகத் தெரிந்தன. பாதி வழியில், அதற்குப் பதிலாக மாட்டியிருந்த ஸ்டெப்னி டயரும் காற்று இறங்கி, அவர் இறங்கித் தட்டிப் பார்த்து, போகலாம் என்று முடிவெடுக்கக் கால் மணி நேரம் ஆனது. தருமபுரி சேர்ந்தபோது ஒரு மணி. காரிமங்கலத்துக்குக் கிருஷ்ணகிரி செல்லும் பேருந்து உடனே கிடைத்தது. நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம். சத்யா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவள் திருப்பூருக்குப் போனதே இல்லையாம். நல்ல ஊர்தானாமே என்று என்னிடம் கேட்டாள். நான் போனில் மணி பார்த்தேன்.

காரிமங்கலம் சந்தையைப் பற்றி இரண்டு வரி எழுதாவிட்டால் பயணக் கட்டுரைக்கு அழகில்லை. மாடும் ஆடும் விடியற்காலையிலேயே கைமாறி முடிந்துவிடும். மதியத்துக்கு மேல் மிச்சமிருப்பது காய்கறி, தேங்காய்க் குவியல், தானியம், கயிறு, மண்வெட்டிப் பிடி, பிளாஸ்டிக் குடம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து விலை பேசுகிறார்கள். நாங்கள் ஓட்டமும் நடையுமாக ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனோம். தானியக் கடைகளின் கடைசியில், பருப்பை உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார் பழனியம்மா அக்கா.

எங்களைக் கண்டதும் எழுந்தே விட்டார்.

"அப்ப நெசமாவே நீதானா?"

சத்யா தலையாட்டினாள். அதற்குமேல் தாங்காமல் அழுதாள். அக்கா அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, இடுப்பிலிருந்து போனை எடுத்து என் கையிலேயே கொடுத்தார். காலையில் வந்த மூன்று எண்களும் எப்போதோ காலாவதி ஆகியிருந்தன. தளத்தைத் திறந்து மறுபடி ஓடிபி கேட்டேன். சிவப்பு எழுத்தில் பதில் வந்தது: பலமுறை முயன்றுவிட்டீர்கள், ஒரு மணி நேரம் கழித்து முயலவும். அப்போது மணி இரண்டு இருபது.

நானும் அழுதுவிட்டேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். மூன்று இருபதுக்குப் பிறகு நாற்பது நிமிடம் இருக்கும், போதும்தான். ஆனால் அந்தத் தளமும் இந்தச் சிக்னலும் என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்? அக்கா எங்கள் இருவரையும் சந்தை வாசலில் ஒரு டீக்கடைக்கு அழைத்துப்போய் பெஞ்சில் உட்காரவைத்தார். மூன்று டீயும் சத்யாவுக்கு ஒரு போண்டாவும் சொன்னார். என் டீயை நான் தொடவே இல்லை. அது ஆறி ஆடை படிந்தது.

"நீங்க சொன்னதும் தப்பில்ல பாப்பா" என்றார் அக்கா. "நான் செஞ்சதும் தப்பில்ல. அப்பறம் ஏன் இந்தப் புள்ள இங்க வந்து உக்காந்துருக்குது?"

ஆறு மாத நல்கையில் என்னிடம் இதைவிட நல்ல கேள்வியை யாரும் கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தேன். ஓடிபியை யாருக்கும் சொல்லாதே என்ற அறிவுரை, போனும் ஓடிபியும் ஒரே ஆளுடையது என்று நினைத்துக்கொண்டு சொல்லப்படுவது. அக்காவின் போனில் வரும் ஓடிபி அக்காவுடையதே இல்லை. அதைச் சொல்லாமல் வைத்திருந்தால்தான் தவறு. "ஒரு எண் என்றால் ஒரு ஆள் இல்லை" என்று எழுத வந்தவள், ஒரு எண் என்றால் ஒரு ஆள் என்று பாடம் எடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

"போன்லயே நான்தான்னு தெரிஞ்சுக்க நீங்க ஏதாவது கேட்டிருக்கலாம்லக்கா" என்றாள் சத்யா.

"என்னத்தக் கேக்க? அப்பன் பேரா, ஊரு பேரா? அதுதான் எல்லாத்துலயும் இருக்குதே."

நான் படித்ததை எடுத்துவிட்டேன். "அம்மாவோட பிறந்த ஊர் மாதிரி, வெளியாளுக்குத் தெரியாத கேள்வி..."

"இவங்கம்மா கல்யாணம் அந்த ஊருலதான் நடந்துச்சு. எங்கெங்கருந்தோ நூறு பேரு வந்திருந்தாங்க" என்றார் அக்கா.

சத்யா போண்டாவைப் பிட்டுக்கொண்டே ஏதோ யோசித்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"இன்னிக்குக் காலைல எங்க வூட்டுப் பாலு எவ்ளோக்கா?"

"மூணே கால் லிட்டரு."

"அதக் கேட்டிருந்தா நான் சொல்லிருப்பேன்ல? மெட்ராஸ்ல ஒக்காந்து கம்ப்யூட்டர்ல பேசறவனுக்கு அது தெரியுமா?"

அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். "அதுவும் சாயங்காலம் மாறிப்போயிரும்" என்றார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஒரு நாளைக்கு இரண்டு முறை தானாக மாறும் ரகசியம். மறந்துபோக வழியில்லை, ஏனென்றால் ஊற்றியவருக்கு அது தெரியாமல் இருக்காது. ஆனாலும் படித்த படிப்பு சும்மா விடுமா? "வரிசையில பின்னாடி நிக்கிறவங்களுக்கும் அந்த அளவு கேக்குமேக்கா" என்று ஓட்டை கண்டுபிடித்தேன்.

"அவங்க நம்மூரு ஆளுங்கதானே. திருடன் எங்க பாலு ஊத்த வர்றான்?"

அக்கா என் ஆறிப்போன டீயை எடுத்து ஓரமாக ஊற்றிவிட்டு, எதிரே தள்ளுவண்டியில் கம்மங்கூழ் வாங்கிவந்து நீட்டினார். மோர் மிளகாய் ஒன்றும் கூடவே. மூச்சு விடாமல் குடித்து முடித்தேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மூன்று இருபத்தொன்றுக்கு அழுத்தினோம். சந்தை நெரிசலில் சிக்னல் ஒரு புள்ளியாக இறங்கிவிட்டது. மூவரும் பட்டன் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். வந்த பாடில்லை. அக்கா எழுந்து போனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு சாலை வரை நடந்தார், நாங்கள் பின்னால் ஓடினோம். ஒரு லாரி கடந்து போனதும் டிங் என்று ஒரு சத்தம். அக்கா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, முந்தானையால் போனை மறைத்துக்கொண்டு, சத்யாவின் காதருகே ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். அவள் தட்டினாள். சுற்றியது, சுற்றியது, பச்சை எழுத்தில் வந்தது: உங்கள் இடம் உறுதி செய்யப்பட்டது.

சத்யா அதை என்னிடம் இரண்டு முறை படிக்கச் சொன்னாள். பிறகு அக்காவின் போனிலிருந்து பெங்களூருக்குக் கூப்பிட்டாள். அவள் அப்பா எடுத்தார். பின்னணியில் கலவை இயந்திரம் ஓடுவது கேட்டது. "அப்ப பொட்டி ஒண்ணு வாங்கோணும்" என்றார். சந்தையில் தகரப்பெட்டிக் கடை இன்னும் திறந்திருந்தது. நீல நிறத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அரை மணி நேரம் ஆனது. அன்று நான் மிகவும் சந்தோஷமாக இருந்த அரை மணி நேரம் அதுதான்.

அன்றிரவு தருமபுரி லாட்ஜில் மடிக்கணினியைத் திறந்து "தனியுரிமை மீறல்" என்பதிலிருந்த அடிக்கோட்டை எடுத்தேன். தடித்த எழுத்தையும் எடுத்தேன். சொல்லை மட்டும் விட்டுவைத்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். ஓர் ஊரின் செய்தியெல்லாம் ஒருவர் இடுப்பில் இருப்பது சரியான ஏற்பாடு என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். அக்காவுக்குக் காய்ச்சல் வந்தால் ஊருக்கே வருமே. ஆனால் அதைத் திருத்தப் போகிறவர்கள் முதலில் ஒரு மாலை அந்த வரிசையில் நின்று பார்க்க வேண்டும்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மலைப் பேருந்தின் நேரத்தைத் தருமபுரிப் பேருந்து நிலையத்தில் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள், இணையத்தில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். மேலே தங்கும் விடுதி எதையும் நான் பார்க்கவில்லை, காலையில் ஏறி மாலையில் இறங்குவதாகத் திட்டமிடுங்கள். கையில் ரொக்கம் வேண்டும். கோடையிலும் ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். காரிமங்கலம் சந்தைக்குச் செவ்வாய் விடியற்காலையில் போனால் முழுச் சந்தையையும் பார்க்கலாம், என்னைப் போல அழுதுகொண்டு மதியம் போகாதீர்கள். வீடுகளையும் ஆட்களையும் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். ஊருக்கு நல்லது செய்கிறேன் என்று அறிவுரை சொல்வதாக இருந்தால், சொல்லிவிட்டு இரண்டு நாள் அங்கேயே இருங்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு வேலை மிச்சமிருப்பது ஞாபகம் வந்தது. அறிக்கையில் அக்கா சொன்னதை அவர் வார்த்தையிலேயே போட விரும்பினேன். அதற்கு அவர் சம்மதம் வேண்டும். நேற்று மாலை, பால் முடியும் நேரம் பார்த்துக் கூப்பிட்டேன்.

"அக்கா, நான்தான், மெட்ராஸ்லருந்து."

"இருங்க. நீங்க பாலு ஊத்தறதில்லையே, உங்களுக்கு என்னத்தக் கேக்கறது?" கொஞ்ச நேரம் யோசித்தார். "ஆங். அன்னிக்குச் சந்தையில, டீக்கடையில ஒக்காந்திருந்தமே. நீங்க என்ன குடிச்சீங்க?"

டீக்கடையில் என்ன குடிப்பார்கள்? "டீ" என்றேன்.

போன் வைக்கப்பட்டுவிட்டது. ஆறிப்போன டீயும் கம்மங்கூழும் ஞாபகம் வருவதற்குள் காரியம் கெட்டுவிட்டது. மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்த ஒன்றையும் அவர் மறக்கவில்லை.

சத்யாவைக் கூப்பிட்டேன். விடுதியில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது; அப்பா ஒரு போன் வாங்கிக்கொடுத்திருக்கிறார், அவள் பெயரில், அவளுக்கே அவளுக்கான எண். கதையைக் கேட்டு மூச்சு வாங்கச் சிரித்தாள். அக்காவிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்லேன் என்று கெஞ்சினேன். சிரிப்பு மெதுவாக நின்றது.

"நான் சொன்னாலும் நம்ப மாட்டாங்கக்கா. காலைல பாலு எவ்ளோன்னு கேப்பாங்க." பிறகு சொன்னாள்: "நான்தான் இப்ப ஊத்தறதில்லையே."

"சனிக்கிழம நான் வூட்டுக்குப் போறேன். சாயங்காலப் பால நான்தான் கொண்டுபோவேன்" என்றாள். "நீங்களும் வந்துருங்க. வரிசையில நின்னு கேட்டுக்கலாம்."

மொரப்பூருக்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.